ஆதாரமாகிவிட்ட ஒரு வரி

மும்பை மஸ்ஜித் பந்தரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கான காகிதங்களைச் சரிபார்க்க வேண்டும். ஒரு காகிதத்தில் எழுபது பெட்டி என்றும் இன்னொன்றில் எழுபத்தொன்று என்றும் இருந்தால் சரக்கு நகராது. எது சரி என்று தெரியும்வரை நானும் நாற்காலியை விட்டு நகர முடியாது. இந்த வேலையில் இத்தனை வருடம் இருந்தவன், ஒரு மனுஷியைப் பற்றி எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த வரியால் என்ன ஆனது என்பதைச் சொல்கிறேன்.

சுனாபட்டியில் இருக்கும் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஹார்பர் லைன் மின்சார ரயிலில் போவேன். உட்கார இடம் கிடைத்துவிட்டால் போனை எடுத்து, தமிழில் இருக்கும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுவேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற வகைக் களஞ்சியம் அது. நான் தாராவியில் பிறந்து, அங்கேயே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். பம்பாய்த் தமிழர்களைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லையே என்ற குறையில்தான் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் எழுத ஆரம்பித்தேன். முதலில் ரயில் நிலையங்கள், பிறகு பள்ளிகள், அப்புறம் மனிதர்கள்.

மனிதர்களில் நான் எழுதிய மூன்றாவது பக்கம் ஒரு பத்திரிகையாளரைப் பற்றியது. தமிழ் நாளிதழ் ஒன்றின் மும்பைப் பதிப்பில் அரசியல் செய்திகள் எழுதியவர். அவரும் தாராவிக்காரர், பூர்வீகம் எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாகத் தேர்தல் கூட்டங்களுக்குப் போய், மேடைக்குப் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பது எங்கள் தெருவில் பெரிய பேச்சு. எனக்கு அப்போது இருபது வயதிருக்கும்.

அந்த வருடம் மாநகராட்சித் தேர்தலில் என் அப்பா ஒரு வேட்பாளருக்காக வீடு வீடாகப் போனார். எங்கள் தெரு முழுக்க அந்த வேட்பாளர் பக்கம். அவரைப் பற்றி இந்த அம்மா ஒரு செய்தி எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது, நான் படிக்கவில்லை. ஆனால் எங்கள் தெருமுனையில் அந்த நாளிதழை நாலு பேர் கிழித்துப் போட்டதைப் பார்த்தேன். "எதிர்க்கட்சிக்காரன் இவள வளைச்சுட்டான்" என்று அப்பா சொன்னார். தேர்தல் முடிந்ததும் பத்திரிகையில் அந்த அம்மாவின் பெயர் வருவது நின்றுபோனது. "தூக்கிட்டாங்கல்லா" என்று டீக்கடையில் சொன்னார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பது போல அது எனக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

இத்தனை வருடம் கழித்து அவர் பக்கத்தை எழுதும்போது நான் சேர்த்த வரி இது: "நகராட்சித் தேர்தலின்போது ஒரு கட்சிக்குச் சாதகமாகச் செய்தி எழுதியதாக எழுந்த புகாரை அடுத்து அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார்." சான்று எதுவும் தரவில்லை. அப்போது யாரும் கேட்கவும் இல்லை. எழுதும்போது எனக்குள் கொஞ்சம் திருப்திகூட இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. அப்பா அதற்கு முந்தின வருடம்தான் காலமாகியிருந்தார்.

பிறகு நான் அந்த வரியை மறந்துவிட்டேன். களஞ்சியத்தில் நிறைய எழுதினேன், விதிகள் பழகின. உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் நம்பகமான சான்று வேண்டும் என்று புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்ல ஆரம்பித்தேன். ஒரு நடிகரைப் பற்றியோ எம்.எல்.ஏ.வைப் பற்றியோ யாராவது கிசுகிசு எழுதினால் ஐந்து நிமிடத்தில் நீக்கிவிடுவேன். கண்டிப்பான ஆள் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் வந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், அந்தப் பத்திரிகையாளரின் பக்கத்தில் யாரோ ஒருவர் அந்த வரியை நீக்கினார். கோயம்புத்தூரிலிருந்து எழுதும் ஒரு மூத்த பங்களிப்பாளர் அதைத் திரும்பப் போட்டார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை, எழுத்து வழிப் பழக்கம்தான். மறுபடியும் நீக்கம், மறுபடியும் சேர்ப்பு. மூன்றாம் தடவை உரையாடல் பக்கத்தில், அதாவது கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்று இருக்கும் பக்கத்தில், ஒரு குறிப்பு வந்தது: "இது உண்மையில்லை. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்."

நான் போய்ப் பார்த்தேன். வரியின் முடிவில் சான்று இருந்தது. ஒரு வார இதழின் இணையதளத்தில் மும்பைத் தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றி வந்த கட்டுரை. பிரசுரமான கட்டுரை, எழுதியவர் பெயரோடு. விதிப்படி எல்லாம் சரி. நான் வழக்கம்போல் பதில் எழுதினேன்: "இத்தகவலுக்குச் சான்று உள்ளது. இதை மறுக்கும் சான்று உங்களிடம் இருந்தால் தாருங்கள், பரிசீலிக்கலாம்."

அன்று மாலையே பதில் வந்தது. "அந்த வேலையை விட்டவளே நான்தான். நான் உயிரோடு செம்பூரில் இருக்கிறேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை."

மறுநாள் காலை வண்டியில் அந்த வார இதழ்க் கட்டுரையைத் திறந்து முழுதாகப் படித்தேன். அவரைப் பற்றி ஒரே ஒரு பத்தி. அதில், "நகராட்சித் தேர்தலின்போது ஒரு கட்சிக்குச் சாதகமாகச் செய்தி எழுதியதாக எழுந்த புகாரை அடுத்து" என்று இருந்தது.

மும்பையில் நகராட்சி கிடையாது, மாநகராட்சி. நான்தான் அவசரத்தில் நகராட்சி என்று எழுதியிருந்தேன். பிற்பாடு யாரோ அதைக் கவனித்து எங்கள் பக்கத்தில் மாநகராட்சி என்று திருத்தியிருந்தார்கள். வார இதழில் என் தப்பு அப்படியே இருந்தது. பக்கத்தின் பழைய பதிப்புகளைப் பார்க்கும் வசதி களஞ்சியத்தில் உண்டு. அதைத் திறந்தேன். அந்த வரியை முதலில் எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் என் பெயர் இருந்தது. தேதி, வார இதழ்க் கட்டுரைக்கு இரண்டு வருடம் முந்தையது. நான் சான்றில்லாமல் எழுதியதைப் பார்த்து இதழ்க்காரர் எழுதியிருக்கிறார். அந்த இதழைச் சான்றாகக் காட்டி என் வரியை வேறொருவர் உறுதிசெய்திருக்கிறார். டீக்கடைப் பேச்சு இரண்டு இடத்தில் அச்சாகி, ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

மஸ்ஜித் வந்தும் நான் இறங்கவில்லை. கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி. வரை போய், எதிர் வண்டி பிடித்துத் திரும்பி வந்தேன்.

வரியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் கோயம்புத்தூர்க்காரர் திரும்பப் போட்டுவிட்டார். கூடவே ஒரு குறிப்பு: "சம்பந்தப்பட்டவர் வருத்தப்படுகிறார் என்பதற்காகச் சான்றுள்ள தகவலை நீக்க முடியாது. நீங்களே எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறீர்கள்?" அவர் சொன்னதில் தப்பில்லை. நீக்க வேண்டுமென்றால் அந்தச் சான்று எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் என்னைச் சொன்ன மாதிரி.

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். அலுவலகத்தில் ஒரு இன்வாய்ஸை இரண்டு முறை தப்பாகப் படித்தேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு இந்தக் களஞ்சியத்தில் பெரிய அக்கறை இல்லை. ரொட்டியைப் புரட்டிக்கொண்டே கேட்டவள் சொன்னாள்: "ரயில்ல யார் காலையாவது மிதிச்சா அங்கனயே சாரி சொல்லுதீங்க. இதுக்கு எதுக்கு மூணு நாளு?"

"அங்க என்னை எல்லாரும் பெரிய ஆளா நெனச்சிட்டிருக்காங்க."

"அந்தம்மாவ எல்லாரும் என்னன்னு நெனச்சிட்டிருக்காங்க?"

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு எழுதினேன். இந்த வரியை முதலில் சேர்த்தவன் நான், என்னிடம் எந்தச் சான்றும் இல்லை, தெருவில் கேட்டதை எழுதினேன், வார இதழ்க் கட்டுரை என் வாசகத்திலிருந்து வந்தது, என் பிழைகூட அதில் அப்படியே இருக்கிறது, இதனால் பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆறு வாக்கியம். கோயம்புத்தூர்க்காரர் பழைய பதிப்புகளைத் தானும் சரிபார்த்தார். "புரிகிறது. சான்று செல்லாது" என்று மட்டும் எழுதிவிட்டு அந்த வரியை அவரே எடுத்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

களஞ்சியத்தின் வழியாக மறுநாள் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா?" என்று கேட்டு, செம்பூர் முகவரி ஒன்று.

போனேன். பழைய ஹவுசிங் சொசைட்டி ஒன்றின் மூன்றாம் மாடி. கணவர் அணுசக்தி நகரில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்தான் கதவைத் திறந்தார். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க பேசுங்க" என்று உள்ளே போய்விட்டார். அந்த அம்மாவுக்கு அறுபதை ஒட்டி வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீங்கதானா?"

"ஆமாக்கா. நான்தான். மன்னிச்சிருங்க."

"எந்தத் தெரு?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "பேப்பரக் கிழிச்ச தெரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அடையாளம் சொல்வது போலச் சொன்னார்.

பிறகு அவரே பேசினார். "என் மகளப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. மாப்பிள்ளையோட அண்ணன் தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச பையன். அதுவே இந்த ஊர்ல அபூர்வம். போன்ல என் பேரத் தேடிப் பாத்துட்டு, 'ஆன்ட்டி, உங்களப் பத்தி ஒரு பக்கமே இருக்கே'ன்னு சந்தோஷமா எல்லாருக்கும் சத்தமா வாசிச்சான். அந்த வரி வந்ததும் குரல் இறங்கிப்போச்சு. நிறுத்தவும் தெரியல, முடிக்கவும் தெரியல பிள்ளைக்கு. நான்தான் 'காபி ஆறுது'ன்னேன்."

"அந்தச் சம்பந்தம்..."

"அது நடந்துச்சு. நல்ல பிள்ளைங்க. ஆனா அந்த வீட்டுல இன்னைக்கு வரைக்கும் என் வேலையப் பத்தி யாரும் ஒரு வார்த்த கேட்டதில்ல. பயந்து பயந்து வேற பேசுதாங்க."

நான் காபியைக் குடிக்காமல் வைத்திருந்தேன். நடந்தது என்னவென்று அவர் சொன்னார். அந்தத் தேர்தல் நேரத்தில் அவர் எழுதிய இன்னொரு செய்தியை அலுவலகத்தில் பாதியாக வெட்டி, தலைப்பை மாற்றி, பொருளே திரும்பிப்போகிற மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். என் பெயரில் போடாதீர்கள் என்று கேட்டிருக்கிறார். போட்டுவிட்டார்கள். மறுநாள் ராஜினாமா. கடிதத்தின் நகலை ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"இத அதுல போடுங்க" என்றார்.

"அக்கா, இது வெளியில பிரசுரமாகாத கடிதம். இத நான் சான்றாக் காட்ட முடியாது."

அவர் கடிதத்தைக் கீழே வைத்தார். "பொய்ய எழுத ஆதாரம் தேவைப்படல. உண்மைய எழுத மட்டும் வேணுமோ?"

"தேடுதேன்க்கா" என்றுமட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மாட்டுங்காவில் ஒரு தமிழ் அமைப்பின் நூலகத்தில் பழைய மும்பைத் தமிழ் இதழ்களைப் பைண்டு செய்து வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் எனக்கு அரை நாள் வேலைதான். முடித்துவிட்டு அங்கே போக ஆரம்பித்தேன். நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர், "எந்த வருஷம் வேணும்?" என்று கேட்டுப் புத்தகங்களை எடுத்து மேஜையில் வைப்பார், பிறகு நாலு மணிவரை என்னைத் தொந்தரவு செய்ய மாட்டார். தூசியில் தும்மிக்கொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

இரண்டாவது சனிக்கிழமை, எங்கள் தெருவில் கிழித்த அந்தச் செய்தி கிடைத்தது. தாராவிக் குடிசைகளைக் கணக்கெடுத்தபோது, மாடியில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் பட்டியலில் விடுபட்டுவிட்டன என்றும், இதைப் பற்றிக் கேட்டதற்கு எங்கள் வேட்பாளர் பதில் சொல்ல மறுத்துவிட்டார் என்றும் அவர் எழுதியிருந்தார். எதிர்க்கட்சி வேட்பாளரையும் கேட்டிருக்கிறார். அவரும் மழுப்பியிருக்கிறார், அதுவும் அடுத்த பத்தியில் இருந்தது. நாங்கள் அப்போது மாடியில்தான் வாடகைக்கு இருந்தோம். மரப்படி ஏறிப் போக வேண்டிய ஒற்றை அறை, ஐந்து பேர். அப்பா இதைப் படித்திருப்பாரா, யாராவது சொன்னதைக் கேட்டிருப்பாரா என்று யோசித்தேன். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நானும் படிக்காமல்தானே எழுதினேன்.

ஐந்தாவது சனிக்கிழமை, இங்கே வந்துகொண்டிருந்த ஒரு மாத இதழில் அவருடைய பேட்டி அகப்பட்டது. அவர் வேலையை விட்டு இரண்டு வருடம் கழித்து எடுத்தது. ராஜினாமா செய்ததை அவர் சொல்லியிருந்தார். அதே பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில், அந்த நாளிதழின் அப்போதைய ஆசிரியரிடமும் கேட்டுப் போட்டிருந்தார்கள்: அவராகவேதான் விலகினார், ஒரு செய்தியைத் திருத்தியதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. இதைவிட நல்ல சான்று கிடைக்காது. போனில் படம் எடுத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனவன், பேட்டியின் மிச்சத்தையும் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அடுத்த பக்கத்தில் அவரே சொல்லியிருந்தார்: வேலையை விட்ட மறுவருடம், சட்டமன்றத் தேர்தலில், ஒரு வேட்பாளருக்குப் பிரசாரக் குறிப்புகள் எழுதிக் கொடுத்தேன். பெயரும் இருந்தது, எங்கள் தெரு சந்தேகப்பட்ட அதே கட்சியின் வேட்பாளர்.

செம்பூரில் இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. இதைப் போட்டால் மறுபடியும் அவர் மனம் நோகும். போடாவிட்டால், பிடித்தவர்களுக்கு ஒரு நியாயம், பிடிக்காதவர்களுக்கு ஒரு நியாயம் என்றாகும். முன்னால் அவரைப் பிடிக்காமல் ஒரு வரி கூட்டினேன், இப்போது பிடித்துப்போய் ஒரு வரி குறைக்கிறேன் என்று ஆகிவிடும். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு நடந்து போகும் வழியிலேயே அவருக்குப் போன் செய்தேன்.

"பேட்டி கிடைச்சிருச்சுக்கா. உங்க எடிட்டர் சொன்னதும் இருக்கு."

"அப்படியா! அவரு சொன்னாரா?" குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபின் மிச்சத்தைச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

"அடுத்த பக்கத்துல... அந்தப் பிரசாரக் குறிப்பு விஷயமும் இருக்கு."

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"அத நான் மறைக்கல. நானேதான் சொன்னேன்" என்றார். "ஆனா அதையும் போடணுமா?"

"ஒரே பேட்டிக்கா. ஒரு பக்கத்த வச்சுக்கிட்டு மறுபக்கத்த விட்டா, நாளைக்கு யாராவது எடுத்துக் காட்டுவாங்க. நான்தான் மறைச்சேன்னு ஆயிரும். உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"எனக்குக் கெட்ட பேரு வாங்கித் தாரதுல உங்களுக்கு நல்ல அனுபவம்" என்றார். பிறகு கேட்டார்: "சரி, என்ன எழுதப் போறீங்க? வாசிங்க."

ஸ்டேஷன் படியோரமாக ஒதுங்கி நின்று வாசித்தேன். செய்தியைத் திருத்தியதில் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் அவர் நாளிதழிலிருந்து விலகினார், பின்னர் ஒரு கட்சிக்காகப் பிரசாரக் குறிப்புகள் எழுதினார்.

"தப்பு" என்றார் உடனே. "'பின்னர்'னா எப்ப? மறுநாளா, மறுவருஷமா? படிக்கிறவன் மறுநாள்னு எடுத்துக்குவான். வருஷத்தச் சேருங்க. அப்புறம், கட்சின்னு எங்க இருக்கு? பேட்டியில நான் ஒரு வேட்பாளருக்குன்னுதான் சொன்னேன். கட்சி வேற, ஆளு வேற. அந்த ஆளுக்காகத்தான் எழுதுனேன்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. வேட்பாளர் என்றுதான் இருந்தது. கட்சி என்பது நானாகச் சேர்த்தது, இரண்டாம் தடவையும். இரண்டையும் திருத்தி மறுபடி வாசித்துக் காட்டினேன்.

"இப்ப சரியா இருக்கு" என்றார். "பிடிக்கல. ஆனா சரியா இருக்கு."

அன்றே இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் சேர்த்தேன். இதழ், மாதம், பக்க எண் எல்லாவற்றையும் கீழே கொடுத்தேன். எனக்கு அவரோடு நேரில் பழக்கம் ஏற்பட்டுவிட்டது என்பதை உரையாடல் பக்கத்தில் சொல்லி, கோயம்புத்தூர்க்காரரைச் சரிபார்க்கச் சொன்னேன். அவர் நான் எடுத்த படங்களை வாங்கிப் படித்துவிட்டு ஒரு காற்புள்ளியை மட்டும் மாற்றினார். அந்த வார இதழுக்கு நான்கு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் கட்டுரையில் அந்தப் பத்தியே இல்லை. திருத்தம் என்று ஒரு சொல்லும் இல்லை. அதற்கு முன் அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்?

கொஞ்ச நாள் அந்த அம்மாவிடமிருந்து பேச்சே இல்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு போன மழைக்காலத்தில் ஒரு நாள் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். களஞ்சியத்தில் இருக்கும் வேறொரு அரசியல் பத்திரிகையாளரின் பக்கம். ஒரு காலத்தில் தன்னைப் பத்தியில் பெயர் சொல்லித் தாக்கி எழுதியவர், இப்போது சயானில் மகனோடு இருக்கிறார் என்று அந்த அம்மாவே முன்பு என்னிடம் சொல்லியிருந்தார். படத்தில் ஒரு வரியைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தார். அந்த மனிதர் ஓர் அமைச்சரிடம் வீடு வாங்கிக்கொண்டதாகச் சொல்லும் வரி. கீழே சான்று, பெயரில்லாத ஒரு வலைப்பூ.

போன் செய்தேன். "இவரப் பத்தி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லையேக்கா."

"துளிகூட இல்ல" என்றார். "என்னப் பத்தி அவரு எழுதுனதுக்கு இன்னைக்கும் பேச மாட்டேன். ஆனா வீடு வாங்குனாருன்னு எவன் பாத்தான்? பாத்தவன் பேரப் போட்டு எழுதட்டும். அது வரைக்கும் அந்த வரி அங்க இருக்கக் கூடாது. எடுங்க."

வேறு எங்காவது இது பிரசுரமாகியிருக்கிறதா என்று இரண்டு நாள் தேடினேன். அவரும் தனக்குத் தெரிந்த பழைய நிருபர்கள் மூன்று பேரிடம் கேட்டார். எங்கும் இல்லை. காரணத்தை எழுதிவிட்டு அந்த வரியை எடுத்தேன். சயானில் இருக்கிற அந்த மனிதருக்கு இது தெரியாது. அவருக்குச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, "எதுக்கு? அவரு நன்றின்னு போன் பண்ணுவாரு, நான் அத எடுக்கணும்" என்றார் அந்த அம்மா.